கொஞ்சம் பிரிஞ்சு இருங்க

1

இந்தக் கதை டோரோய் சொன்ன ஒரே ஒரு வாக்கியத்திலிருந்து வந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போகப்போக எல்லாம் நானே யோசித்ததுபோல ஒரு தோரணை எனக்கு வந்துவிடும்.

காலையில் இறால் பண்ணைக்குப் போய்க்கொண்டிருந்தேன். கரையில் ஏற்றி நிறுத்திய படகில், நீலத் தார்பாய்க்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. டோரோய் மீன்பிடிக்கிறவர், படகில் கிடப்பதில் அதிசயம் ஒன்றுமில்லை. ஆனால் கூடவே ஒரு தலையணையும் கொசுவலையும் இருந்தன.

"என்ன மனோங், வீட்டுல சண்டையா?" என்றேன். மனோங் என்றால், நான் வந்து தங்கிவிட்ட இந்தப் பிலிப்பைன்ஸ் பக்கத்தில், அண்ணன். அக்கா என்றால் மனாங்.

"சண்டையெல்லாம் ஒண்ணுமில்ல. எங்க வீட்டுக்காரி சொர்க்கத்துக்குப் போறா. வழியில நான் நிக்கிறேனாம். அதான் ஒதுங்கிப் படுத்திருக்கேன்."

சொல்லிவிட்டுக் கொட்டாவி விட்டார். நான் அன்று பண்ணையில் இறால் குஞ்சுகளுக்குத் தீனி போட மறந்தேன்.

2

எங்கிருந்து தொடங்குவது என்பதில்தான் வழக்கம்போல இடறினேன். முதல் தொடக்கம் இது:

"டோங்கா தீவுகளில் பிறந்த செய்னி லோலோஹேயா, இருபது வயதில் இறைவனின் அழைப்பை ஏற்றுக் கடல் கடந்து—"

வேண்டாம். பிரசங்கம் மாதிரி இருக்கிறது. இரண்டாவது:

"அவள் இறங்கியதும் பேருந்து ஒரு பக்கமாக நிமிர்ந்தது."

இது உண்மை. ஆனாலும் ஒரு பெண்ணை இப்படி அறிமுகப்படுத்தலாமா என்று தயங்கி, அவளிடமே தொலைபேசியில் மொழிபெயர்த்துப் படித்துக்காட்டினேன். (இப்போது அவள் ஊர் திரும்பிவிட்டாள். வீடியோவில் என் மனைவி மரிவிக்கோடு அடிக்கடி பேசுவாள்.) அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "அதை வச்சுக்கோங்க மனோங். என்னை ஒல்லியாக்கி மட்டும் எழுதிராதீங்க, எங்க அம்மாவுக்கு அடையாளம் தெரியாமப் போயிரும்."

ஆக, பேருந்து நிமிர்ந்தது. சிஸ்டர் லோலோஹேயா எங்கள் மாடிக்குக் குடிவந்தாள். கூடவே சிஸ்டர் லுமாயக், புக்கிட்னோன் மலைப்பக்கத்துப் பெண், தோழியின் தோளுக்குத்தான் வருவாள். இருவரும் மார்மன் சபையின் ஊழியக்காரிகள். ஊழியம் முடியும்வரை ஒருத்தியை விட்டு ஒருத்தி நகரக்கூடாது. சோப்பு வாங்கப் போனாலும் இருவர்தான். விடிந்ததும் உடற்பயிற்சி. லோலோஹேயா குதிக்கும்போது கீழே எங்கள் மின்விசிறி ஆடும். பிறகு வேதம், பிறகு மொழிப்பாடம், அதன்பின் குடையைப் பிடித்துக்கொண்டு நீளப்பாவாடையில் சேறும் புழுதியுமாக வீடு வீடாக நடை. காப்பி கிடையாது, சினிமா கிடையாது, காதல் நினைக்கவே கூடாது. திங்கட்கிழமை துணி துவைத்துவிட்டு வீட்டுக்குப் பேசலாம். வாரத்தில் அன்று ஒருநாள்தான் அவள் காதில் 'செய்னி' என்ற பெயர் விழும். மற்ற நாளெல்லாம் சட்டையில் குத்திய பெயர்தான்.

அந்தப் பெயரையும் ஊர் விட்டுவைக்கவில்லை. இங்கே 'லோலோ' என்றால் தாத்தா. தெருப் பிள்ளைகள் அவளைக் கண்டதும், "தாத்தா வராரு, தாத்தா வராரு!" என்று பின்னால் ஓடுவார்கள். அவளும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு கூனி நடந்து காட்டுவாள். லுமாயக் பல்லைக் கடித்துக்கொண்டு, "சிஸ்டர், நாம ஊழியத்துக்கு வந்திருக்கோம்" என்பாள்.

"இதுவும் ஊழியம்தான். கதவு திறக்குதுல்ல?" என்பாள் லோலோஹேயா.

கதவு திறந்தது. அதில் ஒரு கதவு கொன்சிங்கினுடையது.

3

டோரோய் சொன்ன வீட்டுக்காரி இவள்தான். கொன்சிங் கரையோரம் உட்கார்ந்து சிப்பி உடைப்பவள். கத்தி முனையைக் கொடுத்து ஒரு திருப்பு, சதை தனியே வந்துவிடும். மழைக்கு ஒதுங்கிய இரண்டு பெண்களும் அவளுடைய ஓலைக்கூரைக்குள் வந்தார்கள். லோலோஹேயா கேட்காமலே ஒரு கத்தியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"கையை அறுத்துக்காத இண்டாய்" என்றாள் கொன்சிங். இண்டாய் என்பது சின்னப் பெண்களுக்கான செல்லச்சொல்.

"எங்க ஊர்லயும் கடல்தான் மனாங்."

"உங்க ஊர்ல சிப்பியும் உன்னை மாதிரியேதான் இருக்குமா?"

"இதைவிடப் பெருசு. நான்தான் எங்க வீட்டுல சின்னவ."

கொன்சிங் சிரித்தாள். அன்று மழை விட்ட பிறகும் இருவரும் எழுந்து போகவில்லை.

கொன்சிங்குக்கு மூன்று பிள்ளைகள் இருக்கிறார்கள். நான்காவதாக, அதாவது முதலாவதாக, மைலின் என்று ஒருத்தி இருந்தாள். பள்ளிக்கூடம் சேர்ந்த வருஷமே டெங்குவில் போய்விட்டாள். அந்தப் பேச்சை ஊரில் யாரும் எடுப்பதில்லை. லோலோஹேயா புதிது என்பதால் எடுத்துவிட்டாள், சுவரில் இருந்த படத்தைப் பார்த்து, "இது யாரு?" என்று.

பிறகு அவர்கள் சபையின் நம்பிக்கையைச் சொன்னாள். குடும்பம் என்பது சாவோடு முடிவதில்லை, அங்கேயும் குடும்பமாகவே சேர்ந்திருக்கலாம். கொன்சிங்கின் கத்தி நின்றது.

"நெசமாவா சொல்றே? அவளைத் தூக்கிக்கலாமா?"

"தூக்கிக்கலாம்."

[இந்த இடத்தில் ஒரு நீண்ட பத்தி எழுதியிருந்தேன். நம்பிக்கை என்றால் என்ன, ஆறுதல் என்றால் என்ன என்று இரண்டு பக்கம். எடுத்துவிட்டேன். "தூக்கிக்கலாமா" என்று கேட்டவளுக்கு முன்னால் நான் என்ன கட்டுரை எழுதுவது?]

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கொன்சிங் பிள்ளைகளைக் குளிப்பாட்டி அழைத்துக்கொண்டு அவர்கள் சபைக்குப் போனாள். அதன்பிறகு ஒரு வாரமும் தவறவில்லை.

4

ஞானஸ்நானத்துக்கு நாள் குறிக்குமுன் ஒரு பாடம் இருக்கிறது. திருமணம் ஆகாமல் சேர்ந்து வாழ்கிறவர்கள் ஒன்று மணந்துகொள்ள வேண்டும், இல்லையென்றால் பிரிந்து இருக்க வேண்டும். அன்றைய பாடம் லோலோஹேயாவின் முறை.

"மனாங், நீங்களும் மனோங் டோரோயும் கல்யாணம் பண்ணிக்கணும்."

"எனக்குத்தான் கல்யாணம் ஆயிருச்சே. அதானே பிரச்சினை. தப்பான ஆளோட ஆயிருச்சு."

புருஷன் மணிலாவில் வேறொரு குடும்பத்தோடு இருக்கிறான். இந்த நாட்டில் விவாகரத்து கிடையாது. கோர்ட்டுக்குப் போய்த் திருமணமே செல்லாது என்று தீர்ப்பு வாங்கலாம், ஆனால் அதெல்லாம் சிப்பி உடைக்கிறவள் ஏறுகிற படி இல்லை. மிச்சம் ஒரே வழிதான். லோலோஹேயா அதைச் சொன்னாள்:

"அப்படின்னா கொஞ்சம் பிரிஞ்சு இருங்க மனாங்."

இங்கே நான் ஒரு சொல்லைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எங்கள் ஊர் மொழியில் 'அனாய்' என்று ஒன்று உண்டு. நாம் தமிழில் 'கொஞ்சம்' போடுகிறோமே, அதே மாதிரி. கொஞ்சம் உட்காருங்க, கொஞ்சம் கதவைத் திறங்க. கதவைக் கொஞ்சமாகத் திற என்றா அர்த்தம்? மரியாதை, அவ்வளவுதான். புதிதாக மொழி பழகுகிறவர்களுக்கு அது தேன். லோலோஹேயா எல்லா வாக்கியத்திலும் ஒரு அனாயைப் போட்டுவிடுவாள். லுமாயக்கும் வேறு மொழிக்காரிதான், அவள் காதிலும் அது மரியாதையாகத்தான் விழுந்தது. ஆனால் 'அனாய்' என்றால் 'தற்போதைக்கு' என்றும் ஒரு அர்த்தம் இருக்கிறது. கொன்சிங்கின் காதில் விழுந்தது அது.

"அவ்வளவுதானே?" என்றாள். சாயங்காலமே கொசுவலையைச் சுருட்டி டோரோய் கையில் கொடுத்துவிட்டாள்.

5

ஊர் சும்மா இருக்குமா?

"என்ன பாதர் டோரோய், இன்னிக்குப் பூசை எத்தனை மணிக்கு?" என்பான் வலை பின்னுகிறவன்.

"நீ பாவமன்னிப்பு கேட்டு முடிக்கவே சாயங்காலம் ஆயிரும். சீக்கிரம் வரிசையில நில்லு" என்பார் டோரோய்.

முதல் வரைவில் லுமாயக்கைக் கொடுமைக்காரியாக எழுதியிருந்தேன். "சட்டத்தைக் கையில் பிடித்துக்கொண்டு பிறர் வீட்டைப் பார்க்கிற கண்கள்" என்று ஒரு வரி. கதைக்கு ஒரு கெட்டவர் தேவைப்பட்டார். மரிவிக்குக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. சாப்பிடும்போது நான் அவள் மொழியில் சொல்லிக்காட்டுவேன். அந்த வரியில் அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"ஏன் லங்கா இப்படிப் புளுகறே?" (லங்கா என்றால் 'அன்பே'. இலங்கைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.) "தினமும் படகுக்குக் குடிதண்ணி கொண்டுபோய் வச்சது யாரு? அந்தக் குட்டிப் பொண்ணுதானே?"

"எனக்குத் தெரியாதே."

"அவ சொல்லிட்டா செய்வா? நீயாப் பார்த்துத் தெரிஞ்சிருக்கணும். தினமும் அந்த வழியாத்தானே போறே?"

அந்த வரியை இங்கே விட்டுவைத்திருக்கிறேன், நீங்களும் பார்க்க வேண்டும் என்று. கெட்டவர் என்று யாரும் இந்தக் கதையில் இல்லை. அதுதான் எழுதுகிறவனுக்குச் சங்கடம்.

லோலோஹேயாவுக்கு வேறு சங்கடம். அதுவரை அவள் ஊழியத்தில் ஒருவரும் ஞானஸ்நானம் பெற்றதில்லை. கொன்சிங்தான் முதல் ஆள். திங்கட்கிழமை அழைப்பில் அம்மா, "செய்னி, நம்ம சபை முழுக்க உன் கொன்சிங்குக்காக ஜெபம் பண்ணுது. உங்க மாமா பன்னி அடிக்கறதா இருக்கார்" என்றாள். வெள்ளை உடை தைத்தாகிவிட்டது. சனிக்கிழமை என்று நாளும் முடிவாகிவிட்டது.

ஆனால் கரை வழியாகப் போகும்போதெல்லாம் டோரோயின் கடைசி மகள் சோற்றுப் பாத்திரத்தோடு படகுக்கும் வீட்டுக்குமாக நடப்பதை அவள் பார்த்தாள். பார்க்கிற ஒவ்வொரு முறையும் நடையை வேகமாக்கினாள்.

6

இப்போது உச்சம் வர வேண்டும். நான் ஒரு புயலை வரவழைத்தேன். அலை எழும்புகிறது, படகு கவிழப் பார்க்கிறது, கொன்சிங் கரையில் நின்று கதறுகி—

"எந்தப் புயல்?" என்றாள் மரிவிக். "அந்த வாரம் முழுக்க வெயில் மண்டையைப் பொளந்துச்சு."

சரி. வெயில். உண்மையில் நடந்தது இவ்வளவுதான். வியாழக்கிழமை மத்தியானம், அதே ஓலைக்கூரைக்கு அடியில், கொன்சிங் சிப்பி உடைத்துக்கொண்டே சொன்னாள்:

"சனிக்கிழமை முடிஞ்சதும் ஒரு கோழி அடிக்கப் போறேன் இண்டாய். நீங்க ரெண்டு பேரும் சாப்பிட வந்திரணும். டோரோய் வீட்டுக்கு வராருல்ல."

லோலோஹேயா நிமிர்ந்தாள். "வீட்டுக்கா?"

"ஆமா. பாவம், முதுகு வலிக்குதுங்கறார். நீதானே சொன்னே, கொஞ்ச நாளைக்குன்னு."

லுமாயக் அப்போது சற்றுத் தள்ளிக் கடைசிக் குழந்தைக்குச் சடை பின்னிக்கொண்டிருந்தாள். பேச்சு அவள் காதில் விழவில்லை. கொன்சிங்கும் சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தாள். லோலோஹேயா ஒன்றும் பேசாமல் இருந்திருந்தால், சனிக்கிழமை வெள்ளை உடை, பாட்டு, கோழிக்கறி, டோங்காவில் மாமாவின் பன்றி, எல்லாம் அதனதன்படி நடந்திருக்கும். முன்னதாகச் சபையிலிருந்து ஒருவர் வந்து கேள்வி கேட்பார். 'பிரிஞ்சு இருக்கீங்களா?' என்பார். 'ஆமா' என்பாள் கொன்சிங். அதில் பொய்யும் இல்லை.

(அந்த நேரத்தில் என்ன நினைத்தாய் என்று பிறகு லோலோஹேயாவைக் கேட்டேன். "அம்மா முகத்தை நினைச்சேன்" என்றாள். அதை வைத்து ஒரு பக்கம் எழுதலாம். எழுதப்போவதில்லை.)

அவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"மனாங், நான் தப்பாச் சொல்லிட்டேன். கொஞ்ச நாளைக்கு இல்ல. எப்பவுமே."

7

அவள் கொன்சிங்கோடு நிறுத்தவில்லை. இது இருவர் விஷயம், இருவருக்கும் ஒன்றாகச் சொல்ல வேண்டும் என்று மூன்று பெண்களுமாகப் படகுக்குப் போனார்கள். டோரோய் இயந்திரத்தைப் பிரித்துப் போட்டிருந்தார். கையெல்லாம் எண்ணெய். லோலோஹேயா சொல்லி முடிக்கும்வரை கேட்டார்.

"எப்பவுமேன்னா, சாகற வரைக்குமா?"

"அவர் உயிரோட இருக்கற வரைக்கும். மணிலாவுல இருக்கறவர்."

"அவன் கல்லு மாதிரி இருக்கான்" என்றார் டோரோய். கந்தலில் கையைத் துடைத்தார். பிறகு கொன்சிங்கைப் பார்த்து, "சரி. ஒரு பலகை போட்டு, மேல தகரம் அடிச்சுக்கறேன். நீ சனிக்கிழமை போ" என்றார்.

"என்ன உளர்றே?"

"நான் ஒண்ணும் உளறல. மைலினைப் பார்க்கணும்னுதானே போறே? அவ எனக்கும் பொண்ணுதான். நம்ம ரெண்டு பேருல ஒருத்தராவது போய்ப் பார்க்கணும்ல."

கொன்சிங் அழவில்லை. அழுததாகத்தான் எழுதினேன், மரிவிக் திருத்தினாள். கொன்சிங் கோபப்பட்டாளாம். படகின் விளிம்பில் ஓங்கி அடித்தாளாம்.

"அங்க போய் நிக்கறேன்னு வை. ஓடி வருவா. வந்ததும் என்ன கேப்பா? 'அப்பா எங்கம்மா?'ன்னுதான் கேப்பா. அவ உன் செல்லம். படகுல விட்டுட்டு வந்துட்டேன்னு சொல்லவா? நீயே சொல்லு. சொல்லவா?"

டோரோய் பிரித்துப்போட்ட பாகங்களில் எதையோ தேடுவதுபோலக் குனிந்துகொண்டார்.

லோலோஹேயா அந்த ஊருக்கு வந்தது கற்றுக்கொடுக்க. மனப்பாடமான பாடங்களில் இதற்கு ஒரு பதிலும் இல்லை. ஆனாலும் பேசினாள்.

"மனாங், மைலினைப் பத்தி நீங்க பயப்பட வேணாம். சின்னப் பிள்ளைங்க கடவுள்கிட்டதான் இருக்காங்க, அதை அடிச்சுச் சொல்வேன். உங்க விஷயத்தை அவரே பார்த்துக்குவார், அவருக்குத் தெரியாத சட்டமா?" என்றவள், படகுக்குள் கைவிட்டுத் தலையணையை எடுத்து டோரோயிடம் நீட்டினாள். "மனோங், வீட்டுக்குப் போங்க."

சிஸ்டர்கள் இருவரும் கரையோரமாகத் திரும்பி நடந்தார்கள். லுமாயக் கேட்டாள்:

"அதை நீ சொல்லலாமா சிஸ்டர்?"

"தெரியல. சொல்லிட்டேன்."

"ஊழியத் தலைவர் கேட்டா?"

"அவர்கிட்டயும் இதையேதான் சொல்வேன்."

லுமாயக் குடையை அவள் உயரத்துக்குத் தூக்கிப் பிடித்தாள். கை வலித்திருக்கும். "வீட்டுக்குப் போங்கன்னு சொன்னப்ப நீ 'அனாய்' போடல. இப்பதான் உனக்கு இந்த மொழி வருது" என்றாள்.

அன்றே தலைவருக்குத் தொலைபேசியில் சொன்னார்கள். அவர், "அவங்களைப் பார்க்கப் போறதை மட்டும் நிறுத்திராதீங்க" என்றாராம். திங்கட்கிழமை அம்மாவிடம் சொல்வதுதான் கடினமாக இருந்தது. அம்மா முழுக்கக் கேட்டாள். "அப்ப ஞானஸ்நானம் இல்லையா?" என்றாள். "இல்லம்மா." பிறகு, "அந்த மனுஷனுக்கு முதுகுவலி எப்படி இருக்கு?" என்று கேட்டாள்.

8

முடிவுக்கு வருகிறேன். வரத்தான் பார்க்கிறேன்.

கொன்சிங் ஞாயிறுதோறும் அந்தச் சபைக்குப் போவதை விடவில்லை. உறுப்பினர் இல்லை, ஆனால் பாட்டில் அவள் குரல்தான் முந்தும். லோலோஹேயா வேறு ஊருக்கு மாற்றலாகி, பிறகு ஊழியம் முடிந்து தீவுக்குத் திரும்பினாள். இப்போது நர்சு வேலைக்குப் படிக்கிறாள். இதோடு முடிக்கத்தான் எண்ணியிருந்தேன், கடலைப் பற்றி அழகான ஒரு வரியும் தயாராக இருந்தது. போன மாதம் மணிலாவிலிருந்து தொலைபேசி வந்து அந்த வரியைக் கெடுத்துவிட்டது. கல்லு மாதிரி இருந்தவன் மாரடைப்பில் போய்விட்டான்.

கொன்சிங் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றி வைத்தாள். இப்போது அவள் விதவை. எந்தச் சட்டமும் அவள் கையைப் பிடித்து நிறுத்த முடியாது.

உடனே எல்லோரிடமும் ஒரு முடிவு தயாராக இருந்தது. லோலோஹேயா வீடியோவில் குதித்தாள்: முதலில் கல்யாணம், அடுத்த வாரம் அந்த வெள்ளை உடை, தான் டிக்கெட் எடுத்து வருவதாக. மரிவிக் கத்தோலிக்கக்காரி. அவளுக்குக் கோயிலில் மணியடித்துக் கல்யாணம், தான் ஞானத்தாய். நான் எழுதிவைத்த முடிவில் இருவரும் எதுவும் செய்துகொள்ளாமல், இத்தனை காலம் இருந்ததுபோலவே இருந்துவிடுகிறார்கள். எனக்கு அது ஆழமாகப் பட்டது. கொன்சிங்கிடம் சொன்னேன். என்னை ஒரு முட்டாளைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"ஆளாளுக்குத் தேதி வைக்கறீங்க. டோரோய் இன்னும் என்னைக் கேக்கவே இல்லையே."

"இத்தனை வருஷம் கூடவே இருக்காரே மனாங்?"

"கூட இருக்கறது வேற, கேக்கறது வேற. முதல் தடவை என்னை யாரு கேட்டாங்க? எங்கப்பாவும் அவங்கப்பாவும் பேசி முடிச்சாங்க. இந்தத் தடவை என்னைக் கேக்கணும்."

டோரோயைப் பிடித்தேன். "ஏன் மனோங் இழுத்தடிக்கிறீங்க?"

"பயமா இருக்கு."

"எதுக்கு?"

"இவ்வளவு நாளும் முடியாதுன்னது சட்டம். அதுமேல கோவமே வரல எனக்கு. இப்ப அவளே முடியாதுன்னுட்டா?"

இதற்கு மேல் எனக்குத் தெரியாது. தெரிந்ததுபோல எழுத முடியும், கை பழகியதுதான். ஆனால் இதோ, இந்தப் பத்தியை எழுதிக்கொண்டிருக்கும்போதே, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், எங்கள் வாசலைத் தாண்டி டோரோய் போகிறார். இஸ்திரி போட்ட சட்டை. வாயில் வழக்கமான சிகரெட் இல்லை. தலையை நனைத்து வாரியிருக்கிறார். எதிர்ப்பக்கம், சபையிலிருந்து பிள்ளைகளோடு கொன்சிங் வந்துகொண்டிருக்கிறாள். டோரோய் நின்றுவிட்டார். தொண்டையைச் செருமுகி—

"லங்கா! எழுதினது போதும், சீக்கிரம் வா!" ஜன்னலருகே மரிவிக் கத்துகிறாள். கையில் தொலைபேசியைத் தெருவை நோக்கித் திருப்பிப் பிடித்திருக்கிறாள். அதற்குள்ளிருந்து லோலோஹேயா, "இன்னும் பக்கத்துல காட்டு, இன்னும் பக்கத்துல!" என்கிறாள்.

நான் எழுந்துகொள்கிறேன். என் நாற்காலி காலியாகத்தான் இருக்கும். முடிவு எழுதியே தீர வேண்டும் என்பவர்கள் வந்து உட்காரலாம். எனக்கு இப்போது ஜன்னலில் இடம் பிடிக்க வேண்டும்.